வாக்காளர், உறுப்பினர், பயனர்: இணையப் பெயர் ஆளுகையில் எளியோர் குரல் – ஒரு திறனாய்வு

இணையத்தை ஆள்பவர் எவர் என்னும் வினாவிற்கு 'எவருமில்லை' என விடையிறுப்பது 1990-களில் வழக்கமாக இருந்தது. அவ்விடை அன்றும் முழு உண்மையன்று. ஓர் இணைய முகவரியைத் தட்டச்சு செய்யும்போது அம்முகவரியின் இறுதியில் நிற்கும் பெயர் எங்குச் சென்று சேர வேண்டும் என்பதை உலகு முழுமைக்குமான ஒரே வேர்ப்பட்டியல் முடிவு செய்கிறது. அப்பட்டியலில் எப்பெயர் இடம்பெறலாம், எம்மொழியில் இடம்பெறலாம், அதனை எவர் நடத்தலாம், எந்நிபந்தனைகளின்கீழ் நடத்தலாம் என்பனவற்றை வகுப்பதற்காக 1998 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இலாப நோக்கற்ற கழகம் ஒன்று பதிவு செய்யப்பட்டது. ஐகேன் எனச் சுருக்கமாக அழைக்கப்பெறும் இக்கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் 1999 மார்ச்சு மாதத்தில் சிங்கப்பூரில் நடைபெற்றது. கோலாலம்பூரிலும் அது 2004-இலும் 2022-இலும் கூடியுள்ளது. எனவே இது நமக்குத் தொலைவில் நிகழும் ஒன்றன்று.

ஐகேன் எளிய பயனருக்குத் தருவதாகச் சொன்ன இடத்தையும் பின்னர் உண்மையில் தந்த இடத்தையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. 2000-ஆம் ஆண்டில் பயனர் வாக்களித்தார். 2002-க்குப் பின்னர் அவர் கலந்தாலோசிக்கப்படுகிறார். இம்மாற்றம் சீர்திருத்தம் என்னும் பெயரில் நிகழ்ந்தது. வாக்கு முறையில் குறைகள் இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆயின், அக்குறைகளைக் காரணங்காட்டி அம்முறையைக் கைவிட்டவர்கள் அதனிடத்தில் நிறுவிய முறை, அதே குறைகளை மேலும் மிகுதியாக உடையது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

சொல்லும் பொருளும்

2005-ஆம் ஆண்டு தூனிசு நகரில் நிறைவுற்ற தகவல் சமுதாய உலக உச்சிமாநாடு இணைய ஆளுகைக்கு ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டது. அரசுகளும் தனியார் துறையும் குடிமைச் சமூகமும் தத்தமக்குரிய பங்கில் நின்று, இணையத்தின் வளர்ச்சியையும் பயன்பாட்டையும் உருவாக்கும் நெறிகளையும் விதிகளையும் முடிவெடுக்கும் முறைகளையும் வகுத்துச் செயற்படுத்துவதே ஆளுகை என்பது அவ்வரையறையின் சாரம். பலரும் மேற்கோள் காட்டும் இவ்வரையறையில் மூவகைக் கட்சியினர் உள்ளனர். இணையத்தைப் பயன்படுத்தும் தனியொருவர் இல்லை. அவர் குடிமைச் சமூகத்துள் அடங்குவார் எனலாம். ஆனால் குடிமைச் சமூகம் என்பது நடைமுறையில் பதிவுபெற்ற அமைப்புகளையே குறிக்கும். எந்த அமைப்பிலும் சேராத ஒரு தமிழாசிரியர், தம் பள்ளிக்கு ஒரு வலைத்தளம் அமைப்பவர், இம்மூன்றில் எதனுள்ளும் இயல்பாக அடங்குவதில்லை.

இத்துறையின் மற்றொரு மையச் சொல்லைத் தமிழில் பெரும்பாலும் 'பங்குதாரர்' என்று பெயர்க்கின்றனர். மாணவரிடம் இச்சொல்லைச் சொன்னால் அவர்கள் பங்குச் சந்தையையே நினைக்கின்றனர். 'பங்காளி' என்றாலோ சொத்தில் உரிமையுடைய தாயாதி நினைவுக்கு வருவார். இவ்விரு தமிழ்ச் சொற்களிலும் ஒரு பொருட்கூறு தப்பாமல் நிற்கிறது: பங்கு உடையவர் கேட்டுப் பெறும் உரிமையும் உடையவர். ஆங்கில மூலச் சொல்லில் அந்த உரிமை இல்லை. ஒன்றால் பாதிக்கப்படுவோர் எல்லாரையும் அது சுட்டும். மொழிபெயர்ப்பில் நேர்ந்த இவ்வேறுபாட்டைப் பிழை எனத் தள்ளிவிடுவதைக் காட்டிலும், பங்கு எங்கே, எவரிடம் கேட்பது என்ற வினாக்களை எழுப்பும் வாய்ப்பாகக் கொள்வது பயனுடையது.

2000-ஆம் ஆண்டுத் தேர்தல்

ஐகேனின் தொடக்க அமைப்பு விதிகளின்படி இயக்குநர் வாரியத்தில் 19 இடங்கள். அவற்றுள் 9 தொழில்நுட்ப, வணிகத் துணையமைப்புகளுக்கு உரியவை. ஓர் இடம் கழகத் தலைமை அலுவலருக்கு உரியது. எஞ்சிய 9 இடங்கள் பொதுப் பயனர்களுக்கு உரியவை. அதாவது, வாரியத்தின் ஏறத்தாழச் சரிபாதியைப் பயனர் நிரப்புவர் என்பது வாக்குறுதி. அவ்விடங்களில் தொடக்கத்தில் அமர்ந்தவர்கள் தேர்ந்தெடுக்கப்படாத இடைக்கால இயக்குநர்கள்.

பயனர் எவ்வாறு தேர்ந்தெடுப்பர் என்பதில் தயக்கம் இருந்தது. 1999-இல், பயனர்கள் ஓர் இடைநிலை அவையைத் தேர்ந்தெடுக்க, அவ்வவை இயக்குநர்களைத் தெரிவு செய்யும் மறைமுக முறையே திட்டமாயிருந்தது. கண்டனங்கள் எழுந்தபின், 2000 மார்ச்சில் கெய்ரோவில் கூடிய வாரியம், ஐந்து உலக வட்டாரங்களிலிருந்தும் வட்டாரத்திற்கு ஒருவராக ஐந்து இயக்குநர்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடிவு செய்தது. எஞ்சிய நான்கு இடங்களில் இடைக்கால இயக்குநர்கள் நால்வர் தொடர்ந்தனர். வாக்குறுதியில் பாதிக்குச் சற்று மேற்பட்டது மட்டுமே வாக்குப்பெட்டிக்கு வந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வாக்காளராவதற்குப் பதினாறு வயதும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஓர் அஞ்சல் முகவரியும் போதுமானவை. களப்பெயர் எதுவும் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை; கட்டணமும் இல்லை. பதிவு செய்தவருக்கு இரகசிய எண் அஞ்சல்வழி வரும். அதனைக் கொண்டு அவர் தம் பதிவை உறுதிப்படுத்த வேண்டும். இறுதி வாரங்களில் பதிவுக் கணினிகள் நெரிசலைத் தாங்கவில்லை. 158,000-க்கும் மேற்பட்டோர் பதிந்தனர். 76,183 பேர் உறுதிப்படுத்தினர். 2000 அக்டோபர் தொடக்கத்தில் 34,035 பேர் வாக்களித்தனர். ஆசிய, ஆஸ்திரேலிய, பசிபிக் வட்டாரத்தில் 17,745 வாக்குகள், ஐரோப்பாவில் 11,309, வட அமெரிக்காவில் 3,449, இலத்தீன் அமெரிக்க, கரிபிய வட்டாரத்தில் 1,402, ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் 130.

இவ்வெண்களை இருவகையாகப் படிக்கலாம். ஆப்பிரிக்காவின் 130 வாக்குகள் ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தலுக்கும் போதாதவை. மறுபுறம், முன்னனுபவம் எதுவுமின்றி, அஞ்சலில் வரும் எண்ணுக்குக் காத்திருந்து, பெயரே கேள்விப்படாத ஒரு கழகத்தின் இயக்குநரைத் தேர்ந்தெடுக்க, உறுதிப்படுத்தியோருள் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் வாக்களித்தது சிறு செய்தியன்று. பல ஊராட்சித் தேர்தல்கள் இவ்விழுக்காட்டை எட்டுவதில்லை.

ஆசிய வட்டாரத்தின் மிகுந்த வாக்குகள் பற்றி ஒன்று கூறியாக வேண்டும். கிழக்காசிய நாடுகளில் தத்தம் நாட்டு வேட்பாளருக்காகப் பெருமளவில் ஆள்சேர்ப்பு நிகழ்ந்தது. வட்டாரத்தின் வெற்றியாளர் சப்பானிய நிறுவனமான புஜிட்சுவைச் சார்ந்த மசனோபு கட்டோ. எளிய பயனரின் குரல் என்பதைக் காட்டிலும் நாட்டுப் பற்றும் நிறுவன ஆதரவும் அங்கு ஓங்கி ஒலித்தன என்ற குற்றச்சாட்டு புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் ஏனைய வட்டாரங்களில் வேறு வகையான முடிவுகள் கிட்டின. ஐரோப்பாவில், செருமானியக் கணினி ஆர்வலர் கழகமொன்றின் பேச்சாளரான ஆண்டி முல்லர் மகூன் வென்றார். வட அமெரிக்காவில் ஐகேனைக் கடுமையாகக் கண்டித்து வந்த பொறியாளர் கார்ல் அவர்பாக் வென்றார். இவ்விருவரும் நியமனக் குழுவின் பட்டியலில் இடம்பெற்றவர்கள் அல்லர். உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்டி வேட்பாளரானவர்கள். இலத்தீன் அமெரிக்காவிலிருந்து பிரேசிலின் இவான் மோரா கம்போசும், ஆப்பிரிக்காவிலிருந்து அக்கண்டத்தில் இணையம் வேரூன்ற உழைத்த கானாவின் நீ குவைனோரும் தேர்வாயினர்.

அவர்பாக் இயக்குநரானபின் நிகழ்ந்தது இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. தாம் இயக்குநராக இருக்கும் கழகத்தின் கணக்கேடுகளைப் பார்க்க அவர் விரும்பினார். நிருவாகம் அதற்கு நிபந்தனைகள் விதித்தது. 2002 மார்ச்சில் அவர் வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வாக்குப் பெற்று வந்தவர் ஒருவர், வந்தவுடன் கணக்கைக் கேட்டார் என்பதே இதன் சுருக்கம்.

தமிழறிந்தோருக்கு இவ்விடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வராமற் போகாது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையை மேடைதோறும் மக்களாட்சித் தேர்தல் எனப் பெருமையுடன் கூறுகிறோம். உண்மையில் அது குலுக்கல் முறை. அதுவும் கால் வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய பிராமணர்க்குள் நிகழ்ந்த குலுக்கல். பெருமையைச் சற்றே ஒதுக்கிவைத்துப் படித்தால் அக்கல்வெட்டின் கூர்மை வேறோரிடத்தில் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் அது விலக்கிவைக்கிறது. எவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பதோடு, வந்தவர் எதற்குப் பொறுப்புடையவர் என்பதும் அவ்வூர்ச் சபைக்குக் கவலையாக இருந்தது. ஐகேனின் விவாதங்களில் முன்னது பற்றிய பேச்சு மிகுதி. பின்னது பற்றியது குறைவு.

கைவிட்ட காரணங்கள்

தேர்தலுக்குப் பின் அதனை ஆராயச் சுவீடனின் முன்னாள் தலைமை அமைச்சர் கார்ல் பில்ட் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2001 நவம்பரில் அது தந்த அறிக்கை தேர்தலைக் கைவிடச் சொல்லவில்லை, குறுக்கச் சொன்னது. பயனர் தேர்ந்தெடுக்கும் இயக்குநர்கள் ஆறு பேர். வாக்காளரோ களப்பெயரைச் சொந்தமாகப் பதிந்தவர் மட்டுமே. பெயர் உடையவரை அடையாளம் காண்பது எளிது என்பது காரணம். நிருவாக வசதி நோக்கில் இது சரியே. ஆனால் கால் வேலி நிலத்தின் இடத்தில் களப்பெயர் வந்து நிற்கிறது. மின்னஞ்சல் முகவரி ஒன்றை மட்டும் உடையவர், பிறர் தளங்களைப் படிப்பவர், இணையத்தில் குடியிருந்தும் மனை இல்லாதவராகிவிடுகிறார்.

அப்பரிந்துரையும் நிலைக்கவில்லை. 2002 பிப்ரவரியில் கழகத் தலைவர் ஸ்டூவர்ட் லின், உலகளாவிய இணையத் தேர்தல் என்பதே நடைமுறைக்கு ஒவ்வாதது என்றும், வாரியத்தில் மூன்றிலொரு பங்கினரை அரசுகள் பரிந்துரைக்கலாம் என்றும் முன்மொழிந்தார். மார்ச்சில் கானாத் தலைநகர் அக்ராவில் கூடிய வாரியம் மீண்டும் தேர்தல் நடத்துவதில்லை என முடிவு செய்தது. அரசுகளுக்கு இடம் தரும் யோசனை ஏற்கப்படவில்லை. தேர்தலை நீக்கும் யோசனை ஏற்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன.

தேர்தலுக்கு எதிராகக் கூறப்பட்ட காரணங்களுள் தலையாயது, வாக்களித்தோர் உலகப் பயனரைப் பிரதிநிதிக்கவில்லை என்பது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒன்றிற்கு 34,035 பேர் எவ்வாறு பேச இயலும்? வினா நியாயமானதே. ஆனால் அதே அளவுகோலைப் புதிய முறைக்கும் பொருத்திப் பார்க்க வேண்டுமல்லவா? புதிய முறையில் பயனர் சார்பாக அமைந்தது பதினைவர் கொண்ட ஓர் ஆலோசனைக் குழு. அதன் இடைக்கால உறுப்பினர் பதின்மரையும் முதலில் நியமித்தது இயக்குநர் வாரியமே. எவருக்கு ஆலோசனை கூற வேண்டுமோ அவரே ஆலோசகரைத் தேர்ந்தெடுத்தார். வட்டார அமைப்புகள் 2006-07-இல் உருவானபின் வட்டாரத்திற்கு இருவராகப் பதின்மரை அவை அனுப்புகின்றன. எஞ்சிய ஐவரை நியமனக் குழு தெரிவு செய்கிறது. வட்டார அமைப்பில் பெரும்பாலும் இடம்பெறுவன உள்ளூர்ச் சங்கங்கள். இன்று உலகெங்கும் அவை இருநூறுக்கும் மேற்பட்டவை. பிரதிநிதித்துவம் போதவில்லை என்று நீக்கப்பட்ட ஒன்றின் இடத்தில், பிரதிநிதித்துவத்தை எண்ணிப் பார்க்கவே இயலாத ஒன்று வைக்கப்பட்டது.

இதனைப் புதிய விதிகளை எழுதியோர் அறியாதவர் அல்லர். ஆகவேதான் சொல்லை மாற்றினர். ஆலோசனைக் குழு தனிப் பயனரின் 'நலன்கள்' தொடர்பானவற்றை ஆய்ந்து கருத்துரைக்கும் என்று விதிகள் கூறுகின்றன. நலன் என்பது பிறர் அறிந்து சொல்லத்தக்கது. நோயாளியின் நலனை மருத்துவர் அறிவார். விருப்பத்தையும் இசைவையும் உரியவரே சொல்ல வேண்டும். வாக்கு இருந்த இடத்தில் நலன் வந்து அமர்ந்ததே 2002-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் உட்பொருள்.

'உறுப்பினர்' என்ற சொல்லின் கதியும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. 2000-இல் பதிவு செய்தோரை ஐகேன் உறுப்பினர் என்றே அழைத்தது. கலிபோர்னியச் சட்டத்தில் இலாப நோக்கற்ற கழகத்தின் உறுப்பினருக்கு, கழகத்தின் சார்பாக வழக்குத் தொடுப்பது உள்ளிட்ட உரிமைகள் உண்டு. ஐகேனோ அச்சட்டப் பொருளிலான உறுப்பினர் தனக்கு எவரும் இல்லை என்று தன் விதிகளில் எழுதிவைத்திருந்தது. பெயரளவில் உறுப்பினர், சட்டத்தளவில் விருந்தினர். இரட்டை வழக்கு மொழியில் பழகிய நமக்குச் சொல் ஓரிடத்திலும் பொருள் வேறோரிடத்திலும் நிற்பது புதிதன்று. எனினும் இவ்வளவு திட்டமிட்ட இரட்டை வழக்கு அரிது.

இடைக்காலத்தில் நிகழ்ந்த நன்மாற்றங்களை மறைத்தல் முறையன்று. 2010 முதல் பொதுப் பயனர் பிரிவு தேர்ந்தெடுக்கும் ஒருவர் வாக்குரிமையுள்ள இயக்குநராக வாரியத்தில் அமர்கிறார். 2014 முதல் 2017 வரை அவ்விடத்தில் இருந்தவர் மலேசியரான ரினாலியா அப்துல் ரஹிம். 2016 அக்டோபரில் அமெரிக்க அரசின் மேற்பார்வை விலகியபோது, இயக்குநரை நீக்கவும் வரவு செலவுத் திட்டத்தை மறுக்கவும் அதிகாரம் பெற்ற ஐவகைப் பிரிவினருள் பொதுப் பயனர் ஆலோசனைக் குழுவும் ஒன்றாயிற்று. இவை உண்மையான அதிகாரங்கள். ஆனால் ஒன்பது இடம் என்று தொடங்கிய வாக்குறுதி ஓர் இடத்தில் வந்து நிற்பதையும், அவ்வோர் இடத்திற்கான வாக்கும் தனிப் பயனரிடம் இல்லை என்பதையும் இவை மாற்றிவிடவில்லை. 2017-ஆம் ஆண்டு வெளிவந்த மறுஆய்வு அறிக்கையொன்று, சங்கங்களின் வழியாக அன்றித் தனியாள்களை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளவும், அவ்வியக்குநரைத் தகுதிபெற்றோருள் குலுக்கல் மூலம் தெரிவு செய்யவும் பரிந்துரைத்தது. குடவோலை மீண்டும் வந்தது எனலாம்! அறிக்கையின் மையப் பரிந்துரைகளை ஆலோசனைக் குழுவே எதிர்த்தது. உள்ளே இருப்போர் கதவைப் பற்றி ஒரு கருத்தும், வெளியே இருப்போர் வேறொரு கருத்தும் கொள்வது இயல்பே.

கருத்துரைப்பதன் எடை

வாக்கு இல்லாத இடத்தில் பயனருக்கு எஞ்சியிருப்பது கருத்துரைக்கும் உரிமை. எந்த முடிவுக்கும் முன்பு ஐகேன் பொதுக்கருத்துக் கேட்கும், எவரும் எழுதலாம். இவ்வுரிமையின் எடையை அறிய 'ஓஆர்ஜி' களப்பெயர் நிகழ்வு போதும். இலாப நோக்கற்ற அமைப்புகள் விரும்பிப் பயன்படுத்தும் இப்பெயரைத் தமிழுலகமும் நன்கறியும். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து 1998 முதல் வழங்கி வரும் மதுரைத் திட்டத்தின் முகவரி அதில்தான் உள்ளது.

2019-இல் இப்பெயருக்கான ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது, விலை உயர்வுக்கு இருந்த உச்சவரம்பை நீக்க ஐகேன் முன்மொழிந்தது. 3,000-க்கும் மேற்பட்டோர் கருத்துரைத்தனர். மிகப் பெரும்பாலோர் எதிர்த்தனர். 2019 சூன் இறுதியில் உச்சவரம்பு இல்லாமலேயே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவம்பரில், இப்பெயரை நடத்தும் அமைப்பை அதன் உரிமையாளரான இணையச் சமூகம் என்னும் சங்கம், எத்தோசு கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்திற்கு விற்கவிருப்பதாக அறிவித்தது, விலை 113.5 கோடி அமெரிக்க டாலர். கண்டனம் உலகெங்கும் எழுந்தது. பொதுப் பயனர் ஆலோசனைக் குழுவோ ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய பாதுகாப்பு நிபந்தனைகளையே பெரிதும் வலியுறுத்தியது. அக்குழுவின் வட்டார அமைப்புகளில் இணையச் சமூகத்தின் கிளைகள் பல இடம்பெற்றிருப்பதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். 2020 ஏப்ரல் நடுவில் கலிபோர்னிய மாநிலத் தலைமை வழக்குரைஞர் ஐகேனுக்குக் கடிதம் எழுதி, விற்பனைக்கு இசைவளிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 30-இல் வாரியம் இசைவு மறுத்தது.

அம்மறுப்புக்கு வாரியம் தன் காரணங்களைத் தந்துள்ளது. பொதுநல அமைப்பொன்று முதலீட்டாளர் நலனுக்குக் கட்டுப்பட்டதாக மாறுவதும் கடன்சுமையும் அவற்றுள் சில. பயனரின் கண்டனம் பயனற்றுப் போயிற்று என்று கூறுவதற்கில்லை. வழக்குரைஞரின் காதுக்கு அதனை எட்டச் செய்தவர்கள் பயனர்களே. ஆனால் 3,000 கருத்துரைகள் நிறுத்த இயலாததைத் தொடர்ந்து வந்த மற்றொன்றை, சட்ட அதிகாரமுடைய ஓர் அலுவலரின் ஒரு கடிதத்திற்குப் பின்னர் நிறுத்த முடிந்தது. அவ்வலுவலர் கலிபோர்னியர்க்குப் பொறுப்புடையவர். மதுரைத் திட்டத்திற்கு அல்லர்.

தமிழ்ப் பெயர்களும் தமிழ்ப் பயனரும்

எளிய பயனருக்கு இத்தகைய நுட்பச் செய்திகளில் கூற எதுவுமில்லை என்பது அடிக்கடி கேட்கும் வாதம். தமிழ்க் கணிமையின் வரலாறு இதற்கு மாறாகச் சான்று பகர்கிறது. 1997 மே மாதத்தில் நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் நடத்திய தமிழ்நெட் 97 மாநாட்டை ஒட்டிய ஆண்டுகளில், பல நாடுகளில் வாழ்ந்த தமிழ்ப் பயனர்கள் மின்னஞ்சல் வழியாகவே கூடி விவாதித்துத் திஸ்கி என்னும் குறியீட்டு முறையை உருவாக்கினர். அவர்களுள் கணினி வல்லுநர் அல்லாதோர் பலர். அரசு ஆணை எதுவும் அவர்களிடம் இல்லை. ஒருங்குறி பரவும் வரை இணையத் தமிழின் பெரும்பகுதியை அம்முறை சுமந்தது.

களப்பெயர்களிலும் இவ்வறிவு இன்றியமையாதது. 'ஔ' என்னும் ஓரெழுத்தும் 'ஒ', 'ள' என்னும் ஈரெழுத்தும் கண்ணுக்கு ஒன்றே போலத் தோன்றும். கணினிக்கு அவை வேறு. 'கௌ' எனத் தொடங்கும் ஒரு வங்கிப் பெயரை 'கெ', 'ள' எனத் தட்டி வேறொருவர் பதிந்துகொள்ள இயலுமானால், ஏமாறுபவர் எழுத்தை நம்பிப் படித்தவரே. 'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்தையும் ஒருங்குறியில் இருவேறு தொடர்களால் எழுத முடியும். இத்தகைய சிக்கல்களை ஆராய்ந்து, பிராமி வழிவந்த ஒன்பது எழுத்துமுறைகளுக்கு விதி வகுக்கும் பணியைத் தன்னார்வலர் குழுவொன்று மேற்கொண்டது. தமிழுக்கான விதிகள் 2019-இல் நிறைவுற்றன. முதலாம் வகுப்பில் 'ஔ' கற்பிக்கும் ஆசிரியருக்கு இக்குழுவில் கூற நிறைய இருந்திருக்கும். அப்பணிக்கு வேண்டியவை ஆங்கில ஆவணங்களைப் படிக்கும் பழக்கமும், ஊதியமின்றிப் பல மாதங்கள் செலவிடும் வசதியும். ஐகேனின் கதவு எவருக்கும் மூடப்படவில்லை என்பது உண்மையே. கதவு வரை நடக்கும் வழிதான் நீளமானது.

வேர்ப்பட்டியலில் இன்று தமிழ் எழுத்தில் உள்ள நாட்டுப் பெயர்கள் மூன்று: இலங்கை, இந்தியா, சிங்கப்பூர். இவை 2010, 2011 ஆண்டுகளில் இடம்பெற்றன. மலேசியாவின் பெயர் உரோமன் எழுத்தை அடுத்து சாவி எழுத்தில் உள்ளது, தமிழில் இல்லை. காரணம் விதியில் இருக்கிறது. 2009 இறுதியில் தொடங்கிய விரைவு நடைமுறையின்படி, நாட்டின் பெயரைப் பிற எழுத்தில் பெற வேண்டுமாயின் அம்மொழி அந்நாட்டின் ஆட்சிமொழியாக இருத்தல் வேண்டும், அல்லது நிருவாக மொழியாகப் பயன்படுகிறது என அந்நாட்டு அதிகாரத்துறை உறுதி கூறுதல் வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் பயிற்றுமொழி தமிழ்; ஆயினும் ஆட்சிமொழியன்று.

நாட்டுப் பெயராக அன்றிப் பொதுக் களப்பெயராகவேனும் பெற இயலுமா எனில், அவ்வழியும் இல்லை. 2012-ஆம் ஆண்டுச் சுற்றில், 185,000 அமெரிக்க டாலர் கட்டணம் செலுத்த வல்லவர் எவரும் புதிய பெயர் கேட்கலாம் என்றிருந்தது. ஆனால் நாட்டின் பெயரை எம்மொழியிலும் கேட்கலாகாது என அச்சுற்றின் விதிகள் தடுத்தன. நாடுகளின் பெயரை வணிகர் கைப்பற்றாமல் காக்க வேண்டும் என்பது அத்தடையின் நோக்கம், நோக்கத்தில் குறையில்லை. எனினும் இரு விதிகளும் சேரும் இடத்தில், 'மலேசியா' என்று தமிழில் எழுதும் ஒருவர் தம் நாட்டின் பெயரைத் தம் மொழியில் இணைய முகவரியாகக் கொள்ள, அரசு முன்வந்தாலன்றி வழியில்லை. அவரை மொழி பேசுபவராகவும் பயனராகவும் கருதி வகுக்கப்பட்ட விதி ஒன்றுகூட இதில் இல்லை. இரண்டும் அரசுகளை நோக்கி வகுக்கப்பட்டவை.

இப்பெயர் நமக்குத் தேவையா என்பது வேறு வினா. தேவையில்லை என்போரும் இருப்பர். உரோமன் எழுத்து முகவரியே வசதி என்பர். அவர்களையும் எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடம் ஒன்று 2000-ஆம் ஆண்டில் சில மாதங்கள் இருந்தது. அன்று ஈப்போவிலோ கிள்ளானிலோ ஒரு தமிழாசிரியர் பதினாறு வயதைக் கடந்தவர் என்ற ஒரே தகுதியில் பதிந்து, அஞ்சலில் எண்ணைப் பெற்று, தம் வட்டார வேட்பாளர் ஒவ்வொருவரிடமும் மின்னஞ்சலில் இவ்வினாவை விடுத்து, விடையைப் படித்தபின் வாக்களித்திருக்கலாம்.